கட்டுரைகளைக் கோத்து முனைவர் பட்டம்: பாம்பன் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நண்டு எடை போடும் கொட்டகையில் வெர்னியர் காலிப்பரும் கையுமாக நான் உட்கார்ந்த முதல் வாரம். நண்டு தரம் பிரிக்கிற அக்கா ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏன் தம்பி, நண்டுக்குச் சட்டை தைக்கப் போறியா, இப்படி அளவெடுக்குற?” என்றார். கொட்டகையே சிரித்தது. அந்த அளவுகளிலிருந்துதான் பிற்பாடு நான்கு கட்டுரைகள் வந்தன. அந்த நான்கையும் கோத்துக் கட்டிய ஆய்வேட்டுக்குத்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது.

தங்கச்சிமடத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பிள்ளைகள் வந்து கேட்பது ஒரே கேள்வி: “சார், மூணு பேப்பர் போட்டா பிஎச்.டி. குடுத்துர்றாங்களாமே?” கொடுத்துவிட மாட்டார்கள். நண்டு வலையில் துண்டுகள் எத்தனை நன்றாகப் பின்னியிருந்தாலும், மேலே மிதப்புக் கயிறும் கீழே ஈயக் கயிறும் கோக்காமல் கடலில் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் வெறும் கட்டுரைகளுக்கும் ஆகும். அந்தக் கயிற்றைக் கோப்பது பற்றித்தான் இந்த வழிகாட்டியில் அதிகம் பேசப்போகிறேன். கட்டுரை எப்படி எழுதுவது என்று சொல்ல ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், இது என்ன முறை

நமக்குப் பழகிய ஆய்வேடு ஒரே நூல் மாதிரி: அறிமுகம், முந்தைய ஆய்வுகள், முறை, முடிவுகள், விவாதம் என்று ஒரே தொடர்ச்சி. கட்டுரைத் தொகுப்பு ஆய்வேட்டில் ஆய்விதழ்களில் வெளியான, அல்லது வெளியீட்டுக்கு ஏற்கப்பட்ட கட்டுரைகளே இயல்களாக நிற்கும். அவற்றுக்கு முன்னால் எல்லாவற்றையும் இணைக்கும் நீண்ட இயல் ஒன்று வரும். சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து நாடுகளில், குறிப்பாக அறிவியல், மருத்துவத் துறைகளில், இதுதான் சாதாரண வழக்கம். மூன்றிலிருந்து ஐந்து கட்டுரைகள் வரை இருக்கும். அந்த இணைப்பு இயலைச் சுவீடன்காரர்கள் ‘கப்பா’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு மேலங்கி என்று பொருள்.

இதில் இரண்டு வகை உண்டு. பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, அந்தக் காலத்துக்குள் திட்டமிட்டுக் கட்டுரைகளை வெளியிட்டுத் தொகுப்பது ஒன்று. பல ஆண்டுகள் வேலை பார்த்து ஏற்கெனவே வெளியிட்டவற்றைப் பின்னால் தொகுத்துச் சமர்ப்பிப்பது இன்னொன்று. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்களில் இந்த வழி இருக்கிறது. ஜப்பானில் படிப்பில் சேராமலே ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டம் பெறும் ‘ரோன்புன் ஹகாசே’ முறை உண்டு. நம் ஊரில் உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது முதல் வகைதான். நானும் அதை வைத்தே பேசுகிறேன்.

இந்தியாவில் நிலைமை இது. 2022 நவம்பர் 7 அன்று வெளியான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. ஒழுங்குமுறைகள், சேர்க்கை, தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் வொர்க், கால அளவு, மதிப்பீடு எல்லாவற்றையும் வகுத்திருக்கின்றன. கட்டுரைத் தொகுப்பு ஆய்வேட்டுக்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது. 2016 விதியில், ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயம் என்று இருந்தது. 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆகவே, ஆய்வேடு எந்த வடிவில் இருக்கலாம் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகம்தான் சொல்லும்.

படி 1: வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். “தாராளமா பண்ணலாம் சார், இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றார் இருக்கையில் இருந்தவர். இரண்டு வருஷம் கழித்து அந்த இருக்கையில் வேறொருவர். “அப்படி ஒரு ஃபார்மேட்டே எங்ககிட்ட இல்லையே” என்றார். கடைசியில் ஆய்வு ஆலோசனைக் குழுவின் தீர்மானம் வாங்கி, அதை மேலே அனுப்பி, ஒப்புதல் வருவதற்குள் ஒரு பருவம் போய்விட்டது.

நெறியாளர் வழியாக ஒரு கடிதம் எழுதுங்கள். கேட்க வேண்டியவை: குறைந்தது எத்தனை கட்டுரை? எல்லாம் வெளியாகியிருக்க வேண்டுமா, ஏற்புக் கடிதம் போதுமா, அனுப்பிய நிலையில் இருப்பதைச் சேர்க்கலாமா? எத்தனையில் நீங்கள் முதல் ஆசிரியராக இருக்க வேண்டும்? பதிவு செய்த தேதிக்கு முந்தைய கட்டுரை செல்லுமா? எந்தத் தரவுத்தளத்தில் உள்ள ஆய்விதழ் வேண்டும்? அச்சான பக்கங்களை அப்படியே வைக்கலாமா, ஆய்வேட்டு வடிவுக்கு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா? பதில் வந்ததும் நான்கு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள்.

சில இடங்களில் “அச்சான கட்டுரையை அப்படியே வைக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு இயலும் ஒரு கட்டுரையை அடிப்படையாகக் கொண்டிருக்கலாம்” என்பார்கள். அதுவும் நல்ல பதில்தான். வேலையில் முக்கால்வாசி அதேதான்.

படி 2: உங்களுக்கு இது பொருந்துமா

களத்தில் தரவு சேர்ப்பவர்கள், ஆய்வகத்தில் சோதனை செய்பவர்கள், கணக்கெடுப்பு நடத்துபவர்கள் ஆகியோருக்குப் பொருந்தும். சேது நாட்டுச் செப்பேடுகளை வைத்து முந்நூறு பக்கத்துக்கு ஒரே வாதத்தை வளர்த்துப்போகிற வரலாற்று மாணவருக்கு இது சட்டை பத்தாத கதை. அவருக்கு நூல் வடிவம்தான் நல்லது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனியாக முடிந்து கைக்கு வருவதால், நடுவில் ஆறு மாதம் விட்டுப்போனாலும் நூல் அறுந்துவிடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இது குறுக்குவழி இல்லை. பழைய முறையில் உங்களைச் சோதிப்பவர்கள் தேர்வாளர்கள் சிலர்தான். இதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் முகம் தெரியாத இரண்டு மூன்று ரிவ்யூவர்கள், அதாவது இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் அதே துறைக்காரர்கள், முதலிலேயே சோதித்துவிடுவார்கள்.

படி 3: ஒரு கேள்வியை எடுத்து, அதைப் பிரியுங்கள்

கட்டுரைகளை முதலில் எழுதிவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். “எனக்கு ஒரு பாசிக் கட்டுரை, ஒரு இறால் கட்டுரை, ஒரு கடல்நீர்க் கட்டுரை இருக்கு, சேர்த்து ஒரு தலைப்பு சொல்லுங்க” என்று ஒரு தம்பி வந்தார். மூன்றும் நல்ல கட்டுரைகள். ஆனால் மூன்றுக்கும் பொதுவாக இருந்தது மண்டபம் என்ற ஊர்ப்பெயர் மட்டும்தான்.

என் கேள்வி இது: சினை நண்டு வலையில் இவ்வளவு படுவது ஏன், அதைக் குறைக்க வழி உண்டா? நீலக்கால் நண்டில் பெண் நண்டு முட்டையை வயிற்று மடலுக்கு அடியில் சுமக்கும். முட்டை முதலில் மஞ்சளாக இருக்கும், பிறகு பழுப்பாகும், பொரிக்கப்போகும் சமயத்தில் கறுத்துவிடும். கொட்டகையில் உட்கார்ந்தால் இந்த மூன்று நிறத்தையும் ஒரே கூடையில் பார்க்கலாம்.

இந்தக் கேள்வியை நான்காகப் பிரித்தேன். எந்த மாதத்தில், எந்தக் கரையில் எவ்வளவு சினை நண்டு வருகிறது? இது முதல் கட்டுரை. பெண் நண்டு எந்த அளவில் முதன்முதலாகப் பருவமடைகிறது? இது இரண்டாவது, ஓட்டின் இரு பக்க முள் நுனிகளுக்கு இடைப்பட்ட அகலத்தை அளப்பதெல்லாம் இதற்காகத்தான். வலையின் கண்ணி அளவு மாறினால் படுகிற நண்டின் அளவு எப்படி மாறுகிறது? மூன்றாவது. கண்ணியைப் பெரிதாக்கச் சொன்னால் மீனவர் ஏற்பாரா, ஏற்காவிட்டால் ஏன்? நான்காவது. கவனியுங்கள்: இரண்டாவதின் விடை இல்லாமல் மூன்றாவதுக்கு அர்த்தமில்லை, மூன்றாவது இல்லாமல் நான்காவதில் கேட்பதற்குக் கேள்வியே இல்லை. இப்படி ஒன்று இன்னொன்றைக் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ஒரே மீனைக் கூறு போட்டு விற்பது போல, ஒரே தரவை நறுக்கி நான்கு கட்டுரையாக்குவது. ஆண் நண்டு அளவுக்கு ஒரு கட்டுரை, பெண் நண்டு அளவுக்கு ஒரு கட்டுரை என்று போனால் ஆய்விதழ்காரர்களும் கண்டுபிடிப்பார்கள், தேர்வாளரும் கண்டுபிடிப்பார். நான் வைத்துக்கொண்ட சோதனை இதுதான்: இந்தக் கட்டுரையைத் தனியாகப் படிப்பவருக்கு, முன்பு தெரியாத ஒன்று முழுதாகத் தெரிய வருகிறதா?

கேள்வியைப் பிடிப்பதற்கு முன் ஒரு மாதம் பழைய கட்டுரைகளில் மூழ்குங்கள். இந்தக் கரைக்கு அது ஒரு கொடுப்பினை. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், 1971-ல் கொச்சிக்கு மாறும் வரை பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்த முகாம் கடலாய்வுக்கு இடமான கதை அது. 1954-ல் தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்’, 1959 முதல் வரும் இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்விதழ் இரண்டும் இங்கே வேர்விட்டவை. அந்நிலையத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் புதிது என்று நினைத்ததை உங்கள் தாத்தா காலத்திலேயே ஒருவர் உங்கள் ஊர்க் கரையில் நின்று அளந்து எழுதியிருப்பார். அது தோல்வி இல்லை. அன்றைய அளவையும் இன்றைய அளவையும் பக்கத்தில் வைத்தாலே ஒரு கட்டுரை.

படி 4: கடல் நாட்காட்டியும் ஆய்விதழ் நாட்காட்டியும்

விதிப்படி உங்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை தனியாக இருக்கிறது. கேட்க நிறைய மாதிரித்தான் தெரியும். கடல் அதில் பாதியைத் தின்றுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு போகும். மற்ற நாட்களிலும் விசைப்படகுக்கு வாரத்தில் இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. பாம்பனில் நின்றால் வடகடல் (பாக் விரிகுடா) ஒருபுறம், தென்கடல் (மன்னார் வளைகுடா) ஒருபுறம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை என்ற வடகிழக்குக் காற்று தொடங்கினால் வடகடல். இதெல்லாம் தெரியாத வெளியூர் ஆய்வாளர் “வாரம் ஒருமுறை மாதிரி சேகரிப்பு” என்று திட்டத்தில் எழுதிவிட்டு, டிசம்பரில் கரையில் ஏற்றிக் கிடக்கும் வத்தைப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கரைக்காரப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இது பிறவியிலேயே வந்த அறிவு. திட்ட அறிக்கையில் அதை எழுத மறந்துவிடாதீர்கள். எந்தப் பருவத்தில் எந்தக் கரை, எந்தப் படகு, ஏன் என்று ஒரு அட்டவணை போட்டாலே குழு உங்களை வேறு கண்ணால் பார்க்கும்.

ஆய்விதழுக்கும் அதே மாதிரி அதன் காற்று, அதன் நீரோட்டம். அனுப்பிய கட்டுரைக்கு முதல் பதில் வர எனக்கு மூன்றிலிருந்து ஏழு மாதம் வரை ஆனது. திருத்தம், மறு அனுப்பல், ஏற்பு, அச்சு என்று சேர்த்தால் ஒரு கட்டுரைக்கு ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் நிராகரித்தால் ஒன்றரை வருஷம். ஆகவே கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள். ஆறாம் ஆண்டு ஆய்வேடு என்றால், கடைசிக் கட்டுரை நாலரை ஆண்டு முடிவதற்குள் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும்; முதல் கட்டுரை இரண்டாம் ஆண்டிலேயே. முதல் கட்டுரைக்குச் சிறிய, சீக்கிரம் முடிகிற பகுதியை எடுங்கள். அது போய்வரும் நேரத்தில் இரண்டாவதின் களவேலை ஓடும்.

படி 5: அனுமதிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதை விட்டால் எல்லாம் போச்சு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பு 2022 முதல் கடல் பசுப் பாதுகாப்பகம். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், கடல் பசு இவையெல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்து ஒதுங்கியதைக்கூட எடுத்துவந்து புட்டியில் போடக் கூடாது. நான் நண்டை எடுத்ததால் தப்பித்தேன். மனிதர்களைப் பேட்டி எடுப்பதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதன் எண்ணைக் கட்டுரையில் கேட்பார்கள். பேட்டி எடுத்து முடித்த பிறகு அந்த ஒப்புதலை வாங்க முடியாது.

படி 6: பெயர் வரிசை

சண்டை வருவது இங்கேதான். கூட்டு ஆசிரியர்கள் யார், எந்த வரிசை என்பதைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். மின்னஞ்சலில் ஒரே பத்தி போதும்: “ஐயா, நேற்று பேசியபடி முதல் கட்டுரையில் தரவுச் சேகரிப்பும் எழுத்தும் நான், புள்ளியியல் இன்னார், மேற்பார்வை தாங்கள்.” பல ஆய்விதழ்கள் இப்போது யார் என்ன செய்தார் என்பதை 14 பங்கு வகைகளாகப் பிரித்து எழுதச் சொல்கின்றன. அதே வரிகளை ஆய்வேட்டிலும் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு கட்டுரை வெளியானதும் உடனே கூட்டு ஆசிரியர்களிடம் பங்கு விவரக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நான்கு வருஷம் கழித்து ஒருவர் வேலை மாறி வெளிநாடு போயிருப்பார், ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார். ஒரே கட்டுரையை இரண்டு மாணவர்கள் தத்தம் ஆய்வேட்டில் வைக்க நேர்ந்தால் இந்தக் காகிதம்தான் காப்பாற்றும்.

படகில் ஏற்றிக்கொண்டு போனவர், கொட்டகையில் நண்டை ஒதுக்கிவைத்த அக்கா ஆகியோரின் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், நன்றியுரையில் முழுதாகப் போடுங்கள். “உள்ளூர் மீனவர்களுக்கு நன்றி” என்று ஒரே வரியில் முடிப்பது எனக்குப் பிடிக்காது.

படி 7: எங்கே அனுப்புவது

என் முதல் கட்டுரையின் கதையைச் சொல்ல வேண்டும். “மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே” என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்போது நான் பேராசிரியர் இல்லை, நண்டு அளப்பவன். ஏழு நாளில் வெளியிடுகிறோம், சில ஆயிரம் ரூபாய் போதும் என்றார்கள். அனுப்பினேன். ஐந்தாம் நாளே ஒரு காற்புள்ளிகூட மாறாமல் வெளியாகிவிட்டது. அந்தச் சந்தோஷம் அடுத்த குழுக் கூட்டம் வரைக்கும்தான். “இதை யாரும் படித்துப் பார்த்ததாகவே தெரியலையே” என்றார் குழுவில் ஒருவர். திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியதற்குப் பதிலே இல்லை. ஒருமுறை வெளியானதை வேறெங்கும் அனுப்பவும் முடியாது. ஒரு முழு ஆண்டின் தரவு அப்படியே போனது. அடுத்த ஆண்டு மறுபடி அளந்துதான் முதல் கட்டுரை வந்தது.

ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் யுஜிசி-கேர் பட்டியல் இருந்தவரை அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று ஒரு நிம்மதி இருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை யுஜிசி நிறுத்திவிட்டது. இனி ஆய்விதழைத் தேர்வது நிறுவனத்தின் பொறுப்பு, அதாவது கடைசியில் உங்கள் பொறுப்பு. நான் செய்வது இது. ஆசிரியர் குழுவில் மூன்று பேரை எடுத்து, அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனப் பக்கத்தில் இந்த இதழ் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களின் பட்டியல்களில் இருக்கிறது என்று இதழே சொல்வதை நம்பாமல், அந்தத் தளங்களுக்குள் போய் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐப் போட்டுத் தேடுவேன். நல்ல இதழின் பெயரையே திருடி இணையதளம் நடத்துகிறவர்கள் இருப்பதால், தளத்தின் முகவரியையும் ஒப்பிடுவேன். பிறகு அதில் வந்த ஐந்து கட்டுரைகளில் ‘பெறப்பட்ட தேதி, ஏற்கப்பட்ட தேதி’ பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் இடைவெளி ஒரு வாரம் என்றால் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

நான்கையும் ஒரே இதழுக்கு அனுப்பாதீர்கள். உயிரியல் கட்டுரைக்கு ஒன்று, வலை பற்றியதற்கு ஒன்று, மீனவர் பேட்டிக்குச் சமூக அறிவியல் இதழ் ஒன்று என்று பரப்புங்கள்.

படி 8: ரிவ்யூவருக்குப் பதில்

இரண்டாம் கட்டுரைக்கு வந்த ஒரு குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது: “மே மாதத் தரவு மற்ற மாதங்களோடு ஒத்துப்போகவில்லை, மாதிரி சேகரிப்பில் குறை இருக்கலாம்.” எனக்குச் சுர்ரென்று ஏறியது. மே மாதம் தடைக்காலம், நாட்டுப்படகு நண்டு மட்டும்தானே வரும், இதுகூடத் தெரியாதா என்று கோபமாக ஒரு பதிலை எழுதினேன். நெறியாளர் அதை வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “தடைக்காலம்னு கட்டுரையில எங்கயாவது எழுதியிருக்கியா?” எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று விட்டிருந்தேன்.

அன்றிலிருந்து மூன்று நெடுவரிசை உள்ள ஒரு அட்டவணைதான். இடப்பக்கம் அவர் சொன்னது, வார்த்தை மாறாமல். நடுவில் என் பதில். வலப்பக்கம் திருத்திய வரியும் பக்க எண்ணும். ஏற்க முடியாத குறிப்பு என்றால் ஏன் என்று இரண்டு வரி, மரியாதையாக. நிராகரித்தால் ஒரு வாரம் தள்ளிவைத்து, குறிப்புகளில் நியாயமானதைத் திருத்தி, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். இந்த அட்டவணைகளை அழிக்காதீர்கள். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல தயாரிப்புப் புத்தகம் கிடையாது.

படி 9: இணைப்பு இயல்

இப்போது கயிறு. பெரும்பாலானோர் இதைக் கடைசி இரண்டு மாதத்தில் எழுதுகிறார்கள், அது எழுத்திலேயே தெரியும். நான் முதல் கட்டுரை அனுப்பிய அன்றே ஒரு கோப்பைத் திறந்து ‘கயிறு’ என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் அதில் இரண்டு விஷயம் எழுதுவேன்: இந்தக் கட்டுரை முந்தையதில் எதை மாற்றிவிட்டது, அடுத்ததற்கு எதை மிச்சம் வைத்தது.

என் முதல் வரைவு இப்படி இருந்தது: “முதல் கட்டுரையில் சினை நண்டு வரத்து ஆராயப்பட்டது. இரண்டாம் கட்டுரையில் பருவமடையும் அளவு ஆராயப்பட்டது.” இது பொருளடக்கம். கடைசி வரைவில் அதே இடம் இப்படி ஆனது: “சினை நண்டு எந்த மாதத்தில் அதிகம் என்பது தெரிந்தால் அந்த மாதத்தை மூடிவிடலாம் என்று தொடங்கினேன். ஆனால் இரு கரைகளின் மாதங்களும் ஒத்துவரவில்லை. எனவே மாதத்தை விட்டு, நண்டின் அளவுக்குப் போனேன்.” நான்கு கட்டுரைகளில் எதிலும் இந்த மூன்று வாக்கியங்கள் இல்லை, இருக்கவும் முடியாது. ஆய்விதழில் திரும்பி வந்த வழியைச் சொல்ல இடம் தர மாட்டார்கள். அந்த இடம் இணைப்பு இயல்தான்.

அதில் இருக்க வேண்டியவை: பெரிய கேள்வியும் அது ஏன் முக்கியம் என்பதும், கட்டுரைகளில் இடமில்லாமல் சுருக்கிய முந்தைய ஆய்வுகளின் விரிவான பார்வை, எல்லாவற்றுக்கும் பொதுவான களமும் முறையும் (நான் வடகடல், தென்கடல் வரைபடத்தை இங்கே போட்டேன்), ஒவ்வொரு கட்டுரைக்கும் அரைப் பக்கச் சுருக்கம், அது வெளியான இடம், என் பங்கு, பிறகு நான்கையும் சேர்த்து வைத்தால் மட்டும் தெரிகிற முடிவு, கடைசியில் குறைகள். குறைகளை நீங்களே சொல்லிவிடுங்கள். என் முதல் கட்டுரையில் பயன்படுத்திய கணக்கு முறையை மூன்றாவதில் மாற்றியிருந்தேன். ஏன் மாற்றினேன் என்று ஒரு பக்கம் எழுதினேன். அந்த ஒரு பக்கத்தைத்தான் தேர்வாளர் பாராட்டினார்.

நீளம் உங்கள் பல்கலைக்கழகம் சொல்வது. என்னுடையது எழுபது பக்கத்துக்குச் சற்று மேலே போனது. சொற்களை நான்கு கட்டுரையிலும் ஒன்றாக்குங்கள். ஒன்றில் ‘சிறு கண்ணி’, இன்னொன்றில் ‘குறுங்கண்ணி’ என்று இருந்தால் அது ஒன்றா இரண்டா என்று படிப்பவர் திணறுவார். அச்சான கட்டுரையில் மாற்ற முடியாததை இணைப்பு இயலில் ஒரு சொல்லட்டவணை போட்டுச் சரிசெய்யலாம்.

படி 10: உரிமையும் ஒப்புமைச் சோதனையும்

கட்டுரை உங்களுடையதுதான், ஆனால் அச்சிடும் உரிமையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். பெரிய பதிப்பகங்கள் பலவும் ஆசிரியர் தன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கின்றன. ஆனால் அச்சு வடிவமா, ஏற்கப்பட்ட கைப்பிரதி வடிவமா, இணையத்தில் ஏற்றலாமா என்பது இதழுக்கு இதழ் மாறும். ஒவ்வொன்றின் அனுமதிப் பக்கத்தையும் அச்செடுத்துப் பின்னிணைப்பில் வையுங்கள்.

ஒப்புமைச் சோதனையில் இந்த வடிவம் ஒரு வேடிக்கை காட்டும். உங்கள் கட்டுரையே இணையத்தில் இருப்பதால் மென்பொருள் உங்களையே திருடன் என்னும். யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை சிக்கலில்லை. 10-லிருந்து 40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியே கொடுக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆகவே சோதனைக்குக் கொடுக்கும் முன்பே, சொந்தக் கட்டுரைகளின் பட்டியலையும் அவை எந்த இயல் என்பதையும் நெறியாளர் கையெழுத்தோடு நூலகத்தில் கொடுங்கள். அவற்றை விலக்கி ஓர் அறிக்கை, விலக்காமல் ஓர் அறிக்கை என இரண்டும் வாங்குங்கள். இணைப்பு இயலில் மட்டும் சொந்த வரிகளை வெட்டி ஒட்டாதீர்கள். அங்கே வரும் ஒப்புமைக்கு எந்தச் சான்றிதழும் உதவாது.

படி 11: சமர்ப்பிப்பு, வாய்மொழித் தேர்வு

சினாப்சிஸ் என்ற ஆய்வேட்டுச் சுருக்கம், முன்சமர்ப்பிப்பு உரை எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளதுதான். நெறியாளரைத் தவிர, உங்கள் நிறுவனத்தில் வேலை பார்க்காத குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படிப்பார்கள். ஆய்வேடு கொடுத்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி.

“இதெல்லாம் ஏற்கெனவே ரிவ்யூ ஆனதுதானே, என்ன கேட்டுவிடப் போகிறார்கள்” என்று போகாதீர்கள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “இந்த நான்கு கட்டுரைகளையும் எடுத்து வெளியே வைத்துவிட்டால், இந்த ஆய்வேட்டில் என்ன மிச்சம்?” இணைப்பு இயலைத் திறந்து, மாதத்தை விட்டு அளவுக்குப் போன அந்தப் பத்தியை வாசித்தேன். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பேச்சு அதைச் சுற்றியே போனது.

கூட்டு ஆசிரியர் செய்த பகுதியிலும் கேள்வி வரும். “அது அவர் பார்த்தது சார்” என்ற பதில் அங்கே செல்லாது. புள்ளியியல் இன்னொருவர் போட்டிருந்தாலும், ஒரு கணக்கையாவது பேப்பரில் கையால் போட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டம் உறுதியானபின் ஆய்வேட்டை சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவார்கள். ஏதாவது ஒரு இதழ் இணையத்தில் ஏற்றக் காலத்தடை வைத்திருந்தால், அந்த இயலுக்கு மட்டும் காத்திருப்புக் கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, முகப்புக்கு அடுத்து ‘பிழை திருத்தம்’ என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அச்சான கட்டுரையில் கை வைக்க முடியாது, ஆனால் பிழையை நீங்களே கண்டுபிடித்துச் சொல்லலாம். நான் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தின இரவு நான்கு கட்டுரைகளையும் அட்டவணை அட்டவணையாகப் படித்தேன். இரண்டாவது கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில், ஓட்டின் அகலம் 120 மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 120 சென்டிமீட்டர் என்று இருந்தது. மூன்று ரிவ்யூவர்கள், ஓர் இதழாசிரியர், நெறியாளர், நான், யார் கண்ணிலும் படவில்லை. நான்கு அடி அகல நண்டு. மறுநாள் கொட்டகையில் அந்த அக்காவிடம் சொன்னேன். “அப்ப சட்டை தைச்சிரலாம்ல?” என்றார்.